காற்றுக்கு விட்ட இரண்டு விரல் சந்து

ஆனி பிறந்துவிட்டால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்கு வேறு ஜோலி கிடையாது. மலைக்கு அந்தப் பக்கம் மழையை இறக்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிற காற்றெல்லாம், இரண்டு மலைக்கு நடுவே இருக்கிற அந்த ஒரு வாசல் வழியாகத்தான் கிழக்கே போயாக வேண்டும் என்பதால், முந்தி வந்ததைப் பிந்தி வந்தது தள்ள, லாரியின் தார்ப்பாயைக் கிழிக்கும், ரோட்டோரம் மேய்கிற ஆட்டுக்குட்டியை உருட்டும், எதிரே பைக்கில் வருகிறவனைக் கண்டால் நெஞ்சில் கைவைத்துத் தள்ளி, ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கி, எங்கே போகிறாய், யாரைக் கேட்டுப் போகிறாய் என்று விசாரிக்கும். அந்த இரைச்சலில் ஓட்டுகிறவன் சொல்வது பின்னால் இருப்பவருக்குக் கேட்கும். பின்னால் இருப்பவர் சொல்வது முன்னால் வராது. வாயை விட்டு வெளியே வந்ததும் காற்று அதை வாங்கி வைத்துக்கொள்ளும்.

கணவாய்க்குக் கிழக்கே இருந்த வடக்கன்விளை ஆண்களுக்கு இதனால் ஒரு பழக்கம் வந்திருந்தது. பின்னால் ஏதோ சொல்கிற மாதிரி முதுகில் சூடு தட்டினால் "ம்" என்று சொல்லிவிடுவார்கள். என்ன என்று கேட்டால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும், ஓரங்கட்டினால் காற்று வண்டியோடு சேர்த்துச் சாய்க்கும், அதற்கு இது மேல். அப்பா சொன்ன "ம்" மகனுக்கு வந்து, மகன் சொன்ன "ம்" மருமகளுக்குப் பழகி, அந்த ஊரில் எத்தனையோ குடும்பம் அந்த ஒற்றை எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

கோலப்பனும் அப்படித்தான் சொன்னான். வடக்கன்விளைத் தோட்டங்களில் விடியுமுன் பறிக்கிற பிச்சிப்பூவையும் கேந்தியையும் இரண்டு பெரிய சாக்கில் வண்டிக்கு இரண்டு பக்கமும் கட்டி, தோவாளைப் பூச்சந்தைக்குக் கொண்டுபோவது அவன் தொழில். அவன் பெண்டாட்டி பிரம்மசக்தி பின்னால் ஒருச்சாய்த்து உட்கார்ந்து, வாழைநாரின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மடியில் இருக்கிற பூவை அந்தக் காற்றிலும் ஒரு இதழ் பறக்காமல் தொடுத்துக்கொண்டே வருவாள். சந்தை போய்ச் சேரும்போது எட்டு முழம் சேர்ந்திருக்கும். இருபத்துநான்கு வருசம் இப்படிப் போனார்கள். ஒரு மகன், படித்துக் கோயம்புத்தூரில் வேலையாக இருக்கிறான்.

அவள்தான் இந்த ஆனியில் ஒரு பையில் நாலு சேலையை மடித்து வைத்துக்கொண்டு, பூதப்பாண்டியில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. கோலப்பன் பின்னாலேயே போனான். அவள் சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"என்ன கோபம் உனக்கு?"

"கோபம் ஒண்ணும் இல்ல. நீங்க ஒண்ணு செய்வேன்னு சொன்னீங்க. செஞ்சா வாறேன்."

"எப்பச் சொன்னேன்?"

"போன ஆடியில. கணவாய்ல கரண்டு எடுக்குற மூணாவது காத்தாடிகிட்ட. நான் கேட்டேன், நீங்க ம்-னு சொன்னீங்க. ஒரு வருசம் பாத்தேன்."

அந்த இடத்தில் அவன், அம்மாடி, எனக்குக் காதில் விழவில்லை, என்ன கேட்டாய் என்று கேட்டிருக்கலாம். கேட்டால், அன்றைய "ம்" பொய் என்றாகும். அது பொய் என்றால் இருபத்துநான்கு வருசத்து "ம்" எல்லாமே நின்று பதில் சொல்ல வேண்டிவரும். அவன் காப்பியைப் பார்த்துக்கொண்டு, "ஆமா, சொன்னேன். மறக்கல" என்றான்.

பிரம்மசக்தி அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "மறக்கலன்னா சரி" என்று சொல்லி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பின்னால் அவள் பாரம் இல்லாமல் போனதும் காற்றுக்கு வண்டி இளக்காரமாகிவிட்டது. கைப்பிடி ஆடியது. ஹெல்மெட் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்து, சந்தையில் இறங்கும்போது கழுத்து கழுத்தாக இருக்காது. பூவும் பாதி உதிர்ந்து காம்பாக வந்தது. தொழில் கெட்டுப்போகிற நிலைமைக்கு வந்த பிறகு, அவன் முக்குரோட்டில் பட்டறை வைத்திருக்கும் ஏசுவடியானிடம் போனான்.

ஏசுவடியான் வண்டியைச் சுற்றிவந்து, "முன்னால ஒரு கண்ணாடி போடுவோம் ஓய்" என்றான். "கண்ணாடி" என்று சொன்னாலும் அது ஒடியாத பிளாஸ்டிக் தகடு. எங்கோ மூடிப்போன ஒரு டெலிபோன் பூத்தின் கதவில் இருந்து கழற்றியதை அவன் ஏழெட்டு வருசமாகச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான். அதை நெருப்பில் காட்டி வளைத்து, அன்னாசிப்பழம் அறுத்த மாதிரி ஓரத்தை வட்டமாக வெட்டி, விளக்குக்கு மேலே ஆள் உயரத்துக்கு நிறுத்திப் பூட்டினான்.

மறுநாள் கோலப்பன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். "முந்தியாவது முன்பக்கம் மட்டும்தான் அடிச்சுது. இப்பம் பின்னால இருந்தும் பிடதியில அறையுதுவே."

ஏசுவடியான் சிரிக்கவில்லை. அவன் தானே ஏறிக் கணவாய்க்குப் போய், ஒரு கையை ஹெல்மெட்டுக்கு மேலேயும் தோளுக்குப் பின்னாலேயும் நீட்டி நீட்டிக் காற்றைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தான். "நாம காத்த ஒரேயடியா மறிச்சுட்டோம். கண்ணாடிக்குப் பின்னால ஒண்ணுமில்லாம வெறுமையா கெடக்கு. வெறுமையா கெடந்தா பின்னால போன காத்து திரும்பி ஓடி வராம என்ன செய்யும்? கொஞ்சம் உள்ள விட்டுத்தான் ஆவணும்." தகட்டை நாலு விரற்கடை இறக்கினான், மூக்குக்கு நேரே விளிம்பு வருகிற மாதிரி. கொஞ்சம் பின்னால் சாய்த்தான். கீழ்ப்பக்கம், விளக்குக்கு மேலே, இரண்டு விரல் போகிற அளவுக்கு ஒரு சந்து அறுத்துவிட்டான்.

அடுத்த நாள் விடிந்து வெயில் ஏறுகிற நேரம், சாக்குப் பூவோடு கோலப்பன் கணவாய்க்குள் நுழைந்தான். முதல் காற்றாடி வந்தது, இரண்டாவது வந்தது, கைப்பிடி ஆடவில்லை. ஹெல்மெட் அசையவில்லை. பக்கத்தில் புளியமரங்கள் தலைவிரித்து ஆடுகின்றன, எதிரே வருகிறவன் சட்டை பலூனாகப் புடைக்கிறது, இங்கே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முழ இடத்தில் சாமி சன்னதி மாதிரி அமைதி. அந்த அமைதியில், காதுக்குப் பக்கத்தில், ஒரு பொம்பளைக் குரல் தெளிவாகக் கேட்டது.

"கேஸ் அடுப்பை அணைச்சோமா?"

கோலப்பன் "ம்" என்று சொல்லப்போய் நிறுத்திக்கொண்டான். பின்னால் யாரும் இல்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு குழந்தை, "அப்பா, என் ஒத்தச் செருப்பு விழுந்துட்டு" என்றது. அதற்கடுத்து ஒரு வயசான குரல், "மெதுவா போடா, எனக்கு உன்கிட்டச் சொல்ல வேண்டியது நெறைய இருக்கு" என்றது. கணவாய் முடிகிற வரைக்கும் குரல்கள் வந்துகொண்டே இருந்தன. காற்று இத்தனை வருசமாக வாங்கி வைத்ததை, கொஞ்சம் வழிவிட்ட மனுசனுக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தது.

அவன் சந்தையில் பூவை இறக்கிவிட்டு, ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக ஏசுவடியானிடம் சொன்னான். ஏசுவடியான் கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "அந்தச் செருப்புக்காரப் பய எங்க அக்கா மவன். இப்பம் பட்டாளத்துல இருக்கான்" என்றான். அவ்வளவுதான். வேறு கேள்வி கேட்கவில்லை.

ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. மழை பெய்தால் குளம் நிறையும் என்கிற மாதிரி, சொன்ன பேச்சு எங்காவது இருக்கத்தானே செய்யும் என்றார்கள். டெலிபோன் பூத்துக் கதவு என்பதால் கேட்கிறது என்று சிலர் சொன்னார்கள். சந்தின் அளவு அப்படி அமைந்துவிட்டது என்று ஏசுவடியான் சொன்னான். அவனே இன்னும் ஏழு வண்டிக்கு அதே மாதிரி அறுத்துப் பூட்டிப் பார்த்தான், காற்று அடங்கியது, குரல் வரவில்லை. பிறகு யாரும் காரணத்தைத் தேடவில்லை. வந்த குரல் யாருடையது என்று தேடுவதற்கே நேரம் போதவில்லை. கோலப்பன் காலையில் பூ கொண்டுபோனான், மத்தியானம் வாய்நிறையப் பேச்சு கொண்டுவந்தான். எந்தெந்த வீட்டுப் பேச்சு என்று குரலை வைத்துச் சொல்ல பெட்டிக்கடை ஞானசெல்வம் இருந்தாள். கடையில் உட்கார்ந்து ஊரில் எல்லார் குரலையும் முப்பது வருசமாகக் கேட்டவள் அவள்.

"குரல் மேல போகுதா, கீழ இறங்குதா?" என்பாள்.

"இழுத்து இழுத்துக் கேக்குது. முடிவுல ஒரு இருமல்."

"அப்பம் அது தங்கராசு பெஞ்சாதி. செத்து நாலு வருசம் ஆச்சே. என்ன சொன்னா?"

"அதை உன்கிட்டச் சொல்லக்கூடாது மைனி."

அப்படி ஒரு ஊர் முறையும் தானாக வந்து சேர்ந்தது. பேச்சு யாருக்கோ அவர் காதில் மட்டும் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் போகாமல் வாசலில் நின்று சொல்ல வேண்டும். வசவு வந்தால் சொல்லக்கூடாது. ஆனால் "ஒரு வசவு வந்துது" என்று சொல்லலாம். கேட்டுக்கொண்டவர், எத்தனை வருசம் ஆகியிருந்தாலும், பதில் சொல்லியாக வேண்டும். தங்கராசு, அவன் பெண்டாட்டி என்றைக்கோ கேட்ட ஒரு விசயத்துக்கு, காற்று போகிற கிழக்கே பார்த்து நின்று, "சரி, அப்படியே செய்யலாம்" என்று பதில் சொன்னதை ஊரே தூரத்தில் நின்று பார்த்தது. என்ன விசயம் என்று ஒருவரும் கேட்கவில்லை. தொலைந்துபோன தாம்பாளம் ஒன்று கிடைத்தது. இரண்டு பேருக்கு நடுவே பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த ஒன்பது வருசம், ஒரு "மன்னிச்சுக்கோடே" வந்து சேர்ந்ததில் சாயங்காலத்துக்குள் முடிந்தது. கேஸ் அடுப்புப் பேச்சுக்கு மட்டும் ஊரில் பதினாறு பொம்பளைகள் உரிமை கொண்டாடினார்கள்.

அந்த ஆடிக்குள் வடக்கன்விளையில் வண்டியில் போகும்போது "ம்" சொல்வது அற்றுப்போயிற்று. பின்னால் இருப்பவர் பேசினால் வண்டியை ஓரங்கட்டி, இரண்டு பேரும் இறங்கி, புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று பேசினார்கள். கணவாய் நெடுக ஜோடி ஜோடியாக இப்படி மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, வெளியூர் பஸ்ஸில் போகிறவர்கள் ஏதோ நேர்ச்சை போலிருக்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

எல்லார் பேச்சும் வந்தது. பிரம்மசக்தி பேச்சு வரவில்லை.

கோலப்பன் மூன்றாவது காற்றாடி வரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வான். அவன் வண்டி எப்போதும் ஐம்பதில் போகும். பூ வாடுமுன் சந்தை பிடிக்க வேண்டும். ஒரே நாளில் நாலு தரம் போய்வந்தும் பார்த்தான். ஒருநாள் வைக்கோல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு இருபதில் ஊர்ந்தபோது, அன்றுவரை கேட்காத குரல்களாக, மாட்டுவண்டிக்காரர்களும் சைக்கிள்காரர்களும் பேசுகிற மாதிரிக் கேட்டது. அவன் அதை வைக்கோலின் மகிமை என்று நினைத்துக்கொண்டான். ஆடி முடிந்தது. ஆவணியில் காற்று தளர்ந்தது. குரல்கள் தேய்ந்து, ஒரு நாளைக்கு நாலு, மூன்று என்று வந்தன. புரட்டாசி பிறந்தால் கணவாயில் காற்று நின்றுவிடும்.

பூதப்பாண்டிக்கு இன்னொரு தரம் போனான். இந்தக் கதையெல்லாம் அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தது.

"வண்டியில கண்ணாடி போட்டிருக்கீங்களாமே" என்றாள் பிரம்மசக்தி.

"ம்" என்று வந்த வாயை மூடி, "ஆமா" என்றான்.

"ஊர் பேச்செல்லாம் கேக்குதாமே."

"ஊர் பேச்சுதான் கேக்குது."

அவள் நாரை நனைத்துக்கொண்டிருந்தாள். இவன் எதற்கு அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் கிடந்து அலைகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்குக் காதில் விழவேயில்லை என்பதும் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை. "கழுத்து வலி தேவலையா?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்குச் சுக்குக்காப்பியில் கருப்பட்டி கொஞ்சம் கூட இருந்தது.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்துக்கு, வடக்கன்விளையில் இருந்து பூதப்பாண்டிக்கு ஒரு கல்யாண மாலை போகவேண்டியிருந்தது. மாலை கட்டுகிற சிதம்பரவடிவு அதை ஈரத்துணியில் பொதிந்து, கோலப்பன் வண்டியில் பின்னால் பிரம்மசக்தி உட்காருகிற இடத்தில் வைத்துக் கட்டினாள்.

"சாக்குப்பூ மாதிரி பறக்காதீங்க அண்ணாச்சி. பொண்ணு கழுத்துக்குப் போறது. முப்பதைத் தாண்டக்கூடாது."

அவன் முப்பதில் போனான். முதல் காற்றாடி தாண்டியதும் அவனுக்கு ஒரு ஞாபகம் வந்தது. போன ஆடியிலும் இப்படித்தான். நாகர்கோவிலில் ஆடி பார்க்காத கிறிஸ்தவர் வீட்டுக்கு ஒரு கல்யாண மாலை. அன்றைக்கும் முப்பதில்தான் போனான். மாலையை அவள் மடியில் குழந்தையை வைக்கிற மாதிரி வைத்துக்கொண்டு வந்தாள். எந்த வேகத்தில் போகும்போது சொன்னதோ, அந்த வேகத்தில் போகிறவனுக்குத்தான் காற்று அதைத் திருப்பிக் கொடுக்கிறது என்பது அவனுக்கு அந்த நிமிசம் புரிந்தது. கை தானாகவே ஆக்சிலேட்டர் முறுக்கைப் பிடித்து, முள் முப்பதில் நின்றது நின்றபடி நிற்க, மூன்றாவது காற்றாடியின் நிழல் ரோட்டில் சுற்றிச் சுற்றி அவன் மேல் விழ, கண்ணாடிக்குப் பின்னால் அந்த அமைதி வந்து நிறைந்தது.

"இஞ்சேருங்க" என்றாள் பிரம்மசக்தி.

அவள் குரல் அவ்வளவு பக்கத்தில் கேட்டதே இல்லை.

"இந்த மாலையைப் பாக்கும்போது தோணுது. அவ இருந்தா இப்பம் இருவது வயசு. இருவத்தெட்டாம் நாள் அரைஞாண் கெட்டிப் பேரு சொல்லணும்னு இருந்தோம். பத்தொம்பதாம் நாளே போய்ட்டா. பேரில்லாமப் போனா. நான் மனசுக்குள்ள கூப்பிடணும்னாக்கூட, புள்ளே, புள்ளேன்னுதான் கூப்பிடுதேன். வீட்டுல மொகத்தைப் பாத்துக் கேக்க எனக்கு ஏலல. அப்பன் வாயால அவளுக்கு ஒரு பேரு சொல்லுவீங்களா?"

பிறகு கோலப்பனுக்குத் தன் குரலே கேட்டது, அன்றைக்கு எதிரே வந்த ஏதோ லாரியைப் பார்த்துக்கொண்டு சொன்னது, கொட்டாவி மாதிரி.

"ம்."

அவன் வண்டியை நிறுத்தவில்லை. பொண்ணு கழுத்துக்குப் போகிற மாலை. பூதப்பாண்டி மண்டபத்தில் மாலையைக் கொடுத்தான், ஒரு இதழ் உதிரவில்லை என்று பெண்ணின் அப்பா சொன்னார், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார், அவன் கேட்கவில்லை. அண்ணன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிரம்மசக்தி வெளியே வந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு அன்னைக்குக் கேக்கல" என்றான். "இன்னைக்குத்தான் கேட்டுது."

அவள் ஒரு படி இறங்கி வர, அவன் தொடர்ந்தான்.

"அப்பவே ஒரு பேரு வெச்சிருந்தேன். யாருகிட்டயும் சொல்லல. இருவத்தெட்டாம் நாள் காதுல சொல்லுறதுக்குன்னு வெச்சிருந்தது. பொறவு யாரு காதுல சொல்ல? முழுங்கிட்டேன்."

"இங்க வேண்டாம்" என்றாள் அவள். "எங்க கேட்டேனோ அங்க வெச்சுச் சொல்லுங்க."

நாலு சேலையும் பையும் எடுத்து வர அவளுக்கு நேரம் ஆகவில்லை. இப்போது அவர்கள் கிழக்கே பார்த்துப் போனார்கள், காற்று முதுகில் கைவைத்துக் கூடவே வந்தது. மூன்றாவது காற்றாடியடியில் கோலப்பன் வண்டியை நிறுத்தினான். இறங்கினார்கள். புளியமரம் எதையும் அவர்கள் பிடித்துக்கொள்ளவில்லை. பேர் சொல்வதென்றால் பிள்ளையின் ஒரு காதை வெற்றிலையால் மூடி, மறு காதில் மூன்று தரம் சொல்வது வழக்கம். வெற்றிலையும் இல்லை, பிள்ளையும் இல்லை. கோலப்பன் அங்குமிங்கும் பார்த்தான். பிறகு வண்டிக்கு முன்னால் குனிந்து, கண்ணாடியின் கீழே இருந்த இரண்டு விரல் சந்தில் வாயை வைத்து, குழந்தை விழித்துவிடக்கூடாது என்கிற மாதிரி மெதுவாகச் சொன்னான்.

"மனோரஞ்சிதம்."

இன்னொரு தரம் சொன்னான். மூன்றாவது தரம் பிரம்மசக்தியும் அவன் பக்கத்தில் குனிந்து, கன்னத்தோடு கன்னம் உரச, சேர்ந்து சொன்னாள்.

காற்று அதை வாங்கிக்கொண்டு கணவாயை விட்டுக் கிழக்கே இறங்கிப் போயிற்று. காற்றாடிகள் எல்லாம் ஒரு சுற்று நிதானித்து, பிறகு சுற்றின. அந்த நேரம் கிழக்கே இருந்து வந்துகொண்டிருந்த பால்காரர், பள்ளிக்கூடம் விட்டு மகளை ஏற்றி வந்த வாத்தியார், மூக்கில் துண்டு கட்டிய செங்கல் லாரிக்காரன், கண்ணாடி போட்டவன், போடாதவன், எல்லார் காதிலும் ஒரு பேர் வந்து விழுந்தது. யார் பேர், எந்த வீட்டுப் பிள்ளை என்று ஒருவருக்கும் தெரியாது. வண்டியை ஓரங்கட்டி நின்றவர்களும் உண்டு. ஆடியில் இருந்து அந்த ரோட்டில் யாரும் சொல்லாமல் இருந்த பதிலை, இந்தத் தரம் முழுசாகக் கேட்டுக்கொண்டு, வாய்நிறைய எல்லாரும் சொன்னார்கள்.

"ம்."